கேரியரில் உட்கார்ந்து பார்த்த சம்பந்தம்

மோட்டார் சைக்கிளில் எத்தனை தூரம் போனாலும் உட்காரும் இடம் நோகாமல் போய்ச் சேருவது எப்படி என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், ராமநாதபுரத்தில் இருக்கும் என் அத்தை மகன் தங்கவேலுவைப் போய்ப் பார்க்கலாம். அந்தச் சீமையிலேயே அந்தச் சாஸ்திரத்தைக் கரைத்துக் குடித்தவர் அவர் ஒருவர்தான். முழுப் பாடத்தையும் நான் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஒரே ஒரு குறை. அவர் மெத்தையில் உட்கார்ந்து பாடம் நடத்தினார். நான் அவருக்குப் பின்னால் இரும்புக் கேரியரில் உட்கார்ந்து கேட்டேன்.

போன காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் எங்களுக்குச் சின்னதாக ஒரு ஜவுளிக் கடை. அய்யாவும் அம்மாவும் போன பிறகு வீட்டில் நானும் என் தங்கை செல்லமும்தான். அவளுக்கு வரன் தேட ஆரம்பித்திருக்கிறேன் என்று காற்றில் சேதி போயிருக்க வேண்டும். அய்யாவுக்கு ஒன்றுவிட்ட அக்காள் முறையான அத்தை, "முறை மாப்பிள்ளை கல்லு மாதிரி இங்கன இருக்கும்போது அசல்ல எதுக்குத் தேடுறீக?" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். கூடவே ஒரு போட்டோ. மோட்டார் சைக்கிளின் மேல் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு மாப்பிள்ளை தங்கவேலு.

செல்லம் அந்தப் போட்டோவை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தாள். முகம் சிவந்ததா, வெயில் பட்டதா, தெரியவில்லை. பிறகு என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "போட்டோவுல எல்லாரும் நல்லாத்தாண்ணே இருப்பாக. நீ போயி அந்த வண்டியில அவருக்குப் பின்னால ஏறி உக்காந்து நாலு ஊரு சுத்திப் பாத்துட்டு வந்து சொல்லு. நாளைக்கு நான்தானே அங்கன உக்காரணும்?"

நியாயமான பேச்சு. அதனால் கப்பல் ஏறினேன்.

பாஸ்போர்ட், விசா என்று வந்த பிறகு சொந்த அத்தை வீடே வெளிநாடாகிவிட்டது. இலங்கைக் கரையில் ஓர் அதிகாரி, எதற்காகப் போகிறீர் என்று கேட்டார். மாப்பிள்ளை பார்க்க என்றேன். இந்தியக் கரையில் ஓர் அதிகாரி அதையே கேட்டார். அதையே சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏன், அங்கே கிடைக்கவில்லையா?" என்றார். என் தங்கை கல்யாணத்தில் இரண்டு சர்க்காருக்கும் இவ்வளவு அக்கறை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ராமநாதபுரம் ஸ்டேஷனில் மாப்பிள்ளை வண்டியோடு நின்றார். போட்டோவில் பார்த்ததைவிட ஒரு சுற்றுப் பெருத்திருந்தார். மீசை மட்டும் அப்படியே இருந்தது. மிளகாய் வற்றல் கமிஷன் வியாபாரம். கமுதி, கீழக்கரை, தொண்டி என்று ஓயாமல் அலைகிறவர். அலைவதற்கென்று, யுத்தம் முடிந்து பட்டாளத்தில் ஏலம் போட்ட மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தார்.

அந்த வண்டியில் எஞ்சின்தான் பட்டாளத்துடையது. சீட்டு மாப்பிள்ளையின் சொந்தப் படைப்பு. உடைந்துபோன ஜீப்பிலிருந்து எடுத்த ஸ்பிரிங்குகள், அதன்மேல் அடித்துப் புடைத்த தேங்காய் நார், அதன்மேல் பஞ்சு, அதற்கும் மேலே ரோமத்தோடு கூடிய செம்மறி ஆட்டுத் தோல். மணவறையில்கூட மாப்பிள்ளைக்கு இவ்வளவு உபசாரம் செய்து நான் பார்த்ததில்லை. அதற்குப் பின்னால் நாலு இரும்புக் கம்பி வைத்த ஒரு கேரியர். அதோடு வண்டி முடிந்தது.

"நான் எங்க மாப்பிள்ளை உக்கார?" என்று கேட்டேன்.

"அங்கனதான் மச்சான். மூணு மூட்டை வத்தல் தாங்கும். நீங்க என்ன, அரை மூட்டை இருப்பீகளா?"

ஸ்டேஷனிலிருந்து வீடு பக்கம்தான். அந்தக் கொஞ்ச தூரத்துக்குக் கம்பி அப்படியொன்றும் கெடுதல் செய்துவிடவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடுகிறவனுக்கு முதல் படி எப்போதும் சுகமாகத்தான் இருக்கும்.

அத்தை பாறை மீன் குழம்பு வைத்திருந்தாள். கொழும்பில் தேங்காய்ப் பாலை ஊற்றி ஊற்றி நாங்கள் மீனையே பாயசமாக்கிவிடுகிறோம். இங்கே மிளகாய் நேராக வந்து மூக்கைப் பிடித்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட, அத்தை "பாவம், தங்கச்சிய நெனச்சு அழுகுது புள்ள" என்று இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். வீட்டில் ஒரே ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. சாப்பிட்டதும் மாப்பிள்ளை அதில் போய்ச் சாய்ந்தார். அத்தை சுவரோரம் தரையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தாள்.

"நீங்க இந்த வண்டியில போயிருக்கீகளா அத்தை?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"ஒரே ஒருக்கா, உத்தரகோசமங்கைக்குக் கூட்டிட்டுப் போனான்" என்றாள். "அதுக்குப் பெறகு நான் பஸ்ஸுலதான் போறது. பஸ்ஸு வரலேன்னா நடந்துருவேன்."

நான் சிரித்தேன். மாப்பிள்ளையும் சிரித்தார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

திட்டம் இதுதான். மாப்பிள்ளை தம் வியாபாரத்தையும் ஊர்களையும் எனக்கு வண்டியிலேயே சுற்றிக் காட்டி, கடைசியில் ராமேசுவரம் கொண்டுவந்து சேர்ப்பார். அத்தை ரயிலில் அங்கே வந்துவிடுவாள். சாமி கும்பிட்டுவிட்டுச் சத்திரத்தில் தாம்பூலம் மாற்றிக்கொண்டு, நான் அப்படியே தனுஷ்கோடி போய்க் கப்பல் ஏறலாம்.

தாம்பூலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் வேண்டாம் என்பதை வாயால் சொல்லும் வழக்கம் கிடையாது. ஜமுக்காளம் விரித்து, பெண் வீட்டுக்காரரை "உக்காருங்க" என்று மூன்று தடவை சொல்வார்கள். சம்மதம் என்றால் உட்கார்ந்து தட்டை வாங்கிக்கொள்ள வேண்டும். மனசில்லை என்றால் நின்றபடியே வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டு, "போயிட்டு வாரேன்" என்று கிளம்பிவிட வேண்டும். யாரும் யாரையும் காரணம் கேட்கமாட்டார்கள். உறவு கெடாது. ஒரு கல்யாணத்தை முடிவு செய்ய எங்கள் முன்னோர்கள் நாக்கை நம்பாமல் வேறொரு அவயவத்தை நம்பியிருக்கிறார்கள். அந்த அவயவம் எந்த நிலைமையில் ராமேசுவரம் போய்ச் சேரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

மறுநாள் கமுதிக்குக் கிளம்பினோம். ஊரைத் தாண்டியதும் தார் ரோடு போய், ரோடு என்று பெயர் வைத்த ஒன்று ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் உடைமரம், நடுவில் பள்ளம், பள்ளத்துக்கு நடுவில் கொஞ்சம் கல். மாப்பிள்ளை பாடத்தை ஆரம்பித்தார். தலையைத் திருப்பாமல், காற்றுக்கு மேலே குரலை உயர்த்திப் பேசுவார்.

"மச்சான், ஒடம்போட கனத்தைத் தொடை தாங்கணும். வால் எலும்பு தாங்கப்படாது. தெரியுதா?"

தெரிந்தது. அந்த எலும்பு எங்கே இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பள்ளம் வரும்போது மிதிகட்டைய ஊணி லேசா எந்திரிச்சு நின்னுக்கிரணும். சீட்டு பாட்டுக்கு வந்து போகும், நம்ம பாட்டுக்கு நிப்போம்."

அவருக்கு மிதிகட்டை இருந்தது. எனக்கு இருந்தவை இரண்டு தொங்கும் கால்கள். ஊன்ற வேண்டுமென்றால் சைலன்ஸரில்தான் ஊன்றலாம். ஒரு தடவை ஊன்றி, செருப்பின் ஓரம் உருகியது.

"பெரிய தையல் வச்ச துணி உடுத்தப்படாது. பொறப்படுறதுக்கு முன்னால வெளக்கெண்ணெய் தடவிக்கிரணும். பத்து மைலுக்கு ஒருக்கா எறங்கி நடக்கணும்." எண்ணெய் காலையில் அவர் தடவிக்கொண்டார், எனக்குச் சொன்னது நடு ரோட்டில். பத்து மைலுக்கு ஒரு தடவை அவர் இறங்கி நடந்தார். நான் வண்டி சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பாதி வழியில் நான் முனகியது அவர் காதில் விழுந்துவிட்டது. உடனே வண்டியை நிறுத்தினார். மனிதர் இரக்கமில்லாதவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. டாங்கின் மேல் மடித்து வைத்திருந்த சாக்கு ஒன்றை எடுத்து, நாலாக மடித்துக் கேரியரில் போட்டு, தட்டிக் கொடுத்து, "இப்ப உக்காருங்க, மெத்தையாட்டம் இருக்கும்" என்றார்.

மெத்தை மாதிரித்தான் இருந்தது. ஒரு மைல் வரைக்கும். பிறகு வியர்வை இறங்கியது. அந்தச் சாக்கு மூன்று வருஷமாக மிளகாய் வற்றல் சுமந்த சாக்கு என்பது எனக்குக் கண்ணால் பார்த்துத் தெரியவில்லை. வேறு வழியாகத் தெரிந்தது. பகைவனுக்கும் அந்த ஞானம் வர வேண்டாம். "மாப்பிள்ளை, எரியுது!" என்று கத்தினேன். "வெயில்லயா மச்சான்? துண்டைத் தலையில போட்டுக்கங்க" என்றார்.

கமுதி சந்தையில் வண்டி நின்றதும் நான் யாரையும் பார்க்காமல் ஒரு கிணற்றடியைத் தேடி ஓடினேன். திரும்பி வந்தபோது விஷயம் சந்தை முழுக்கப் பரவியிருந்தது. ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். மோர் விற்ற அம்மாள் வாழைப்பட்டையை வைத்துக்கொண்டு உட்காரச் சொன்னாள். மூட்டை தூக்குகிற ஒருவர், "புதுச் செருப்பு கடிக்கும், பெறகு பழகிரும். அதே கணக்குத்தான்" என்றார். செருப்பு கடித்தால் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளலாம், இதை என்ன செய்வது என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளைதான் அதிகமாகச் சிரித்தார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அன்று மத்தியானம் கம்பங்கூழை வெங்காயம் கடித்து நின்றுகொண்டே குடித்தேன். ராத்திரி அங்கேயே மாப்பிள்ளைக்குத் தெரிந்தவர் வீட்டில் குப்புறப் படுத்துத் தூங்கினேன்.

அடுத்த நாள் கீழக்கரை. சாக்கு வேண்டாம் என்று நான் காலில் விழாத குறையாகச் சொன்னதால் மறுபடியும் வெறும் கம்பிக்கே வந்தேன். கம்பி எவ்வளவு நல்ல கம்பி என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியது. பாதி வழியில் உடைமுள் குத்தி டயர் காற்று இறங்கியது. மாப்பிள்ளை முன்னால் பிடித்து நடக்க, நான் பின்னாலிருந்து தள்ளினேன். அந்தச் சமயம் வைக்கோல் பரப்பிய மாட்டு வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போயிற்று. வண்டிக்காரர் என் நடையைப் பார்த்துவிட்டு, "ஏறிக்கிறீகளா அய்யா? ஏர்வாடி வரைக்கும் போறேன்" என்றார்.

அந்த வைக்கோலை நான் பார்த்த பார்வையைப் பார்த்திருந்தால் மாடே பயந்திருக்கும். மாப்பிள்ளை பின்னால் திரும்பாமலே, "மச்சான் ஏறிட்டா வண்டிய யாரு தள்ளுவா?" என்றார். உண்மைதானே. தள்ளினேன்.

கீழக்கரையில் ஒரு மரைக்காயர் எங்களுக்கு வேண்டியவர். கொழும்பில் அவர் கடையும் எங்கள் கடையும் அடுத்தடுத்து. அவர் ஊரில் இருக்கிறார் என்று தெரிந்து போனோம். "வாங்க தம்பி, நம்ம வீடு தேடி வந்தீகளே, அல்ஹம்துலில்லாஹ்" என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். நெய்ச்சோறும் ஆட்டுக்கறியும், கடைசியில் இனிப்புக்குத் தொதலும் வட்டிலப்பமும். கொழும்பில் சாப்பிடுகிற அதே ருசி. கடலைத் தாண்டி வந்த பிறகு முதல் தடவையாக ஊருக்கு வந்த மாதிரி இருந்தது.

சங்கடம் என்னவென்றால், அங்கே சகன் என்கிற பெரிய தட்டைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து எல்லாரும் ஒரே தட்டில்தான் சாப்பிட வேண்டும். மாப்பிள்ளை சம்மணம் கட்டி உட்கார்ந்தார். நான் முழங்காலில் நின்றேன். மரைக்காயர் என்னைப் பார்த்தார், வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"அந்தத் தம்பிய நிக்க வச்சே சோறு போடுறீகளே, என்னங்க இது?"

கதவிடுக்கு வழியாக ஒரு தலையணை வந்தது. இலவம் பஞ்சு, வெள்ளை உறை, ஓரத்தில் பச்சை நூலில் பூ வேலை. அதன்மேல் உட்கார்ந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்தத் தடவை மிளகாய் காரணமில்லை. புறப்படும்போது மரைக்காயர் அந்தத் தலையணையை என் கையிலேயே கொடுத்தார். "எடுத்துட்டுப் போங்க தம்பி. கொழும்புல திருப்பிக் குடுத்தாப் போதும்."

அன்று ராத்திரி அதே ஊரில் மாப்பிள்ளைக்குத் தெரிந்தவர் கடையில் தங்கினோம். தலையணையைத் தலைக்கு வைத்துக்கொள்ள மனசு வரவில்லை. காலையில் கேரியரில் கட்டிக்கொள்ளலாம் என்று பத்திரமாகப் பக்கத்தில் வைத்துத் தூங்கினேன். காலையில் தலையணை கட்டித்தான் இருந்தது. கேரியரில் இல்லை. ஆட்டுத் தோலுக்கு மேலே, சணல் கயிற்றால் இறுக்கி, மாப்பிள்ளை அதன்மேல் உட்கார்ந்து எஞ்சினை உதைத்துக்கொண்டிருந்தார்.

"அது எனக்குக் குடுத்த தலகாணி மாப்பிள்ளை" என்றேன்.

"தெரியும் மச்சான். ஆனா யோசிச்சுப் பாருங்க. பின்னால உக்காந்திருக்கவனுக்கு நொந்தா அவனுக்கு மட்டுந்தான் நோவும். ஓட்டுறவனுக்கு இடுப்புப் போச்சுன்னா ரெண்டு பேரும் போனோம். தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்னு பெரியவுக சொல்லியிருக்காகளே."

யோசித்துப் பார்த்தேன். எங்கேயோ ஒரு கோளாறு இருந்தது. எங்கே என்று பிடிபடவில்லை. அவர் கோபத்தோடு பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவ்வளவு அன்பாகப் பேசினார். "அப்ப நான் கொஞ்ச நேரம் ஓட்டட்டுமா?" என்று கேட்டேன். கொழும்பில் கடைச் சரக்கு எடுக்க மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழக்கமுள்ளவன்தான் நான்.

"அய்யய்யோ, இந்தச் சீட்டு என் ஒடம்புக்குன்னே படிஞ்சது மச்சான். வேற ஆளு உக்காந்தா அமுங்கிக் கெட்டுப்போயிரும்" என்றார்.

மண்டபம் வரைக்கும் அவர் நிறுத்தாமல் பேசினார்.

மண்டபத்தோடு ரோடு முடிகிறது. அதற்கு மேல் கடல். கடல் மேல் ரயில் பாலம் மட்டும்தான். டாங்கிலிருந்த பெட்ரோலை வடித்துவிட்டு வண்டியைச் சரக்குப் பெட்டியில் ஏற்றினார்கள். மாப்பிள்ளை தலையணையை மட்டும் அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, ரயில் பலகையில் போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் நின்றேன். இடம் நிறைய இருந்தது.

பெட்டி முழுக்க யாத்திரைக்காரர்கள். "உக்காருங்கய்யா" என்று ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். வேண்டாம் என்றேன். இன்னொருவர் நகர்ந்தார். அதற்கும் வேண்டாம் என்றேன். கருவாட்டுக் கூடைக்காரி ஒருத்தி என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "வேண்டுதலா?" என்றாள். எனக்குச் சொல்ல வெட்கம். தலையை ஆட்டிவிட்டேன்.

அவ்வளவுதான். ராமநாத சாமியைப் பார்க்கிற வரைக்கும் உட்காருவதில்லை என்று விரதம் இருக்கிறவர் என்று பெட்டி முழுக்கச் சேதி போயிற்று. வடக்கேயிருந்து வந்த ஒரு வயதான தம்பதி எழுந்து வந்து என் காலைத் தொட்டார்கள். அவர்கள் பேசிய இந்தியை ஒருவர் எனக்கு எடுத்துச் சொன்னார்: "எத்தனை வருஷமாக உட்காரவில்லை என்று கேட்கிறார்கள்." மாப்பிள்ளை தலையணையில் சாய்ந்தபடி, "மூணு நாளா எங்கூடத்தான் வாராரு, பெரிய மனசு" என்று சாட்சி சொன்னார்.

ரயில் பாலத்தின் மேல் ஊர்ந்தது. கீழே பச்சைத் தண்ணீர், பாறை, தூரத்தில் பாய் விரித்த படகுகள். காற்று கதவு வழியாக வந்து உடம்பெல்லாம் தடவிப் போயிற்று. இந்தப் பயணத்தில் நான் மனம் நிறைந்து இருந்த நேரம் என்றால் அதுதான்.

ராமேசுவரத்தில் கடலில் முழுகாமல் கோயிலுக்குள் போகக் கூடாது. மூன்று நாள் கம்பியிலும் மிளகாய்ச் சாக்கிலும் உரிந்த தோலோடு உப்புத் தண்ணீரில் இறங்குகிறவன் அலறாமல் இருக்க வேண்டுமென்றால் அவன் உண்மையிலேயே விரதக்காரனாக இருக்க வேண்டும். நான் அலறினேன். கரையில் நின்ற புரோகிதர், "பாவமெல்லாம் கழியறது, நன்னா முழுகுங்கோ" என்றார்.

சாமி கும்பிட்ட பிறகு சத்திரம். அத்தை காலையிலேயே ரயிலில் வந்து, சாமி கும்பிட்டு, அறையைக் கூட்டி, ஜமுக்காளம் விரித்திருந்தாள். புதுக் கண்டாங்கிச் சேலை. பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், கதம்பம். செல்லத்துக்கென்று கண்ணாடி வளையல்கள் தனியாக ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தாள். மாப்பிள்ளை முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். மரைக்காயர் வீட்டுத் தலையணையைச் சுவரோரம் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பச்சை நூல் பூ ஒன்று ஓரத்தில் எட்டிப் பார்த்தது.

இத்தனை நாளும் என்னை "வா", "போ" என்று கூப்பிட்ட அத்தை, எழுந்து நின்று முறையாகச் சொன்னாள்: "உக்காருங்க தம்பி."

உட்காரவே முடியாது என்பதல்ல. பல்லைக் கடித்துக்கொண்டால் அந்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்துவிடலாம். கல்யாணம் முடிவாகிவிடும். மாப்பிள்ளையிடம் குறையென்று சொல்ல என்ன இருக்கிறது? குடி இல்லை, சூது இல்லை, தாயை ஒரு சொல் கடிந்து பேசி நான் கேட்டதில்லை. நல்ல வியாபாரம். முறைக்காரர். தாய் தகப்பன் இல்லாத பெண்ணுக்கு இதற்குமேல் என்ன வேண்டும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானே எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

ஆனாலும் ஒரே ஒரு காரியத்துக்காகக் காத்து நின்றேன். அந்தத் தலையணையை அவர் இந்தப் பக்கம் தள்ளட்டும். தள்ளிவிட்டு ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டாம். தள்ளினால் அடுத்த நிமிஷம் உட்கார்ந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வது, மூன்று நாளையும் மறந்துவிடுவது என்று மனசுக்குள் தீர்மானித்துக்கொண்டேன்.

"உக்காருங்க தம்பி" என்றாள் அத்தை, இரண்டாம் முறையாக.

மாப்பிள்ளை என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். எவ்வளவு பிரியமான சிரிப்பு! "உக்காருங்க மச்சான். மூணு நாளா உக்காந்தே தானே வந்தீக, இப்ப என்ன கூச்சம்?" என்றார். சொல்லிவிட்டுத் தலையணையில் இன்னும் கொஞ்சம் வசதியாக நகர்ந்து உட்கார்ந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. அத்தையைப் பார்த்ததும் அழுகையும் வந்தது. நின்றேன்.

மூன்றாவது முறைக்காக அத்தை வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள், மகனுக்கு அடியில் இருந்த தலையணையைப் பார்த்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள். மெதுவாகக் குனிந்து, தட்டை எடுக்காமல், அதிலிருந்து ஒரு கவுளி வெற்றிலையும் பாக்கும் மட்டும் எடுத்து நின்ற என் கையில் வைத்தாள்.

"போயிட்டு வா தம்பி" என்றாள். மறுபடியும் "வா" ஆகிவிட்டது.

மாப்பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னம்மா இது? மச்சான் உக்காரவே இல்லயே?" என்றார். அவர் எழுந்து, "சரி, ஸ்டேஷனுக்காவது வண்டியில கொண்டுபோய் விடுறேன், ஏறுங்க" என்றார். அதை அவர் மனசாரத்தான் சொன்னார்.

"தம்பி நடந்தே வரும்" என்றாள் அத்தை. சொல்லிவிட்டு அவளும் என்னோடு ஸ்டேஷன் வரைக்கும் மணலில் நடந்து வந்தாள். ரயில் கிளம்பும்போது முந்தானைக்குள் வைத்திருந்த வளையல் பொட்டலத்தையும், மடித்து மறைத்து வைத்திருந்த மரைக்காயர் வீட்டுத் தலையணையையும் ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். மகன் எழுந்த சமயம் பார்த்து எடுத்திருக்க வேண்டும். "வளவி அந்தப் புள்ளைக்கு. அத்தை குடுத்தேன்னு போடச் சொல்லு. சம்பந்தத்துக்கு இல்ல, சும்மாத்தான்" என்றாள்.

கப்பலில் தலையணை இருந்தும் நின்றுகொண்டே வந்தேன்; அலை அப்படி. தலைமன்னாரிலிருந்து கொழும்புக்கு வந்த ரயிலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தேன். தலைமன்னாரில் இறங்கியபோது, போகும்போது விசாரித்த அதே அதிகாரி, மாப்பிள்ளை கிடைத்தாரா என்று கேட்டார். கிடைத்தார், அங்கேயே விட்டுவிட்டு வந்தேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து சுவரோரம் நின்று தேநீர் குடித்தேன். செல்லம் வளையல்களைக் கையில் போட்டுப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. கொஞ்ச நேரம் பேச்சை எங்கெங்கோ சுற்றிவிட்டு, கடைசியில் தலையைக் குனிந்தபடி கேட்டாள்.

"வண்டியில பின்னால ஏறிப் பாத்தியாண்ணே?"

"பாத்தேன்."

"அவரு எப்புடி?"

"ஒரு குறையும் சொல்ல முடியாது. நல்லா ஓட்டுறாரு."

"பின்னால?"

நான் தேநீரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "பின்னால ஒண்ணும் இல்லம்மா. கம்பிதான் இருக்கு."

அவள் வளையலைத் திருகினாள். அந்தப் போட்டோவை அவள் எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பாள் என்பது எனக்குத் தெரியும். திட்டுவாளோ, அழுவாளோ என்று பயந்துகொண்டு நின்றேன். அவள் நிமிர்ந்து, நான் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்பதைப் பார்த்தாள். உள்ளே போய்த் தன் படுக்கையிலிருந்து தலையணையை எடுத்து வந்தாள்; இரண்டு பக்கமும் தட்டி, என் நாற்காலியில் போட்டாள்.

"உக்காருண்ணே" என்றாள்.

அத்தை சொல்லாமல் விட்ட மூன்றாவது தடவையை அவள் சொல்லிவிட்டாள். நான் உட்கார்ந்தேன்.